துணி தோய்க்கும் தளமும் நீர் போகும் வழியும்

வீடு திருத்துவோர் கூரையைப் பற்றிப் பேசுவர். வாசலைப் பற்றிப் பேசுவர். சுவருக்குப் பூசும் நிறத்தைப் பற்றி நாட்கணக்கில் ஆலோசிப்பர். துணி தோய்க்கும் இடத்திலே ஊற்றும் நீர் எவ்வழியாற் செல்கின்றது, எங்கே போய் முடிகின்றது என்று ஆலோசிப்பவர் சிலரே. அந்த நீரைப் பற்றியும், தளத்தை மட்டப்படுத்தும்போது அது செல்லும் பழைய குழாய்களையும் நீர்வாய்களையும் எவ்வாறு திருத்தியமைப்பது என்பதைப் பற்றியும் இன்று சில கூற விரும்புகின்றேன். பொருள் சிறிதென்று எண்ணிவிட வேண்டாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் நாம் குடிக்கும் நீர் இதனோடு பிணைந்து கிடக்கின்றது.

நல்லூரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலுமுள்ள பழைய வீடுகளை நோக்குங்கள். நடுமுற்றம் வைத்துக் கட்டிய நாற்சார் வீடுகளிலே துணி தோய்க்கும் வேலை வீட்டுக்குள் நடைபெற்றதில்லை. கிணற்றடியே அதற்குரிய இடம். அங்கே ஒரு தோய்க்கும் கல். கல்லைச் சுற்றிச் சீமெந்துத் தளம். தளத்தின் ஓரமாக ஒரு வாய்க்கால். வாய்க்காலின் முடிவிலே வாழையும் கமுகும் சேம்பும் நிற்கும். குளித்த நீரும் தோய்த்த நீரும் அவற்றுக்குப் பாய்ந்தன. எங்கே அடைத்தது, எங்கே கசிந்தது என்பது எவர் கண்ணுக்கும் தெரிந்தது. அடைப்பை நீக்க ஒரு விளக்குமாறு போதுமாயிருந்தது.

இன்று நிலைமை மாறியிருக்கின்றது. கிணற்றில் மின்மோட்டர் பூட்டி, மேலேயுள்ள தாங்கிக்கு நீரேற்றி, வீட்டுக்குள்ளே குழாய் வைத்திருக்கின்றோம். பின் விறாந்தையின் ஒரு பகுதியை அடைத்துத் துணி தோய்க்கும் அறையாக்கி, அங்கே தோய்க்கும் இயந்திரத்தை வைக்கின்றோம். இயந்திரத்துக்கு மட்டமான தளம் வேண்டும். தளம் ஏறியிறங்கிக் கிடந்தால், துணி பிழியும் வேகத்திலே அது துள்ளி இடம்பெயரும். ஆகவே மேசனை அழைத்து, பழைய தளத்தின்மேல் ஒரு பூச்சுப் போட்டு மட்டமாக்கித் தாருங்கள் என்கின்றோம். அவரும் கேட்டபடியே செய்து தருகின்றார். இரண்டங்குலம் உயர்ந்த புதிய தளம் அழகாய்த் தோன்றுகின்றது. பழைய நீர்வாயோ பள்ளத்திற் கிடக்கின்றது. அல்லது பூச்சுக்குள்ளே பாதி மறைந்துபோகின்றது. முதன்முறை தோய்த்தவுடனே நீர் கதவடிக்கு வந்து நிற்கின்றது.

இயந்திரம் மட்டத்தை வேண்டுகின்றது. நீர் வாட்டத்தை வேண்டுகின்றது. இவ்விரண்டையும் ஒரே தளத்திலே நிறைவேற்றலாம். இயந்திரம் நிற்கும் இடத்தில் மட்டும் இரண்டரை அடிச் சதுரமாக ஒரு சிறிய மேடை அமைத்து, அதனை இரசமட்டம் வைத்துச் சரியாக மட்டப்படுத்துங்கள். எஞ்சிய தளம் முழுவதும் நீர்வாயை நோக்கி வாட்டமாக இருக்கட்டும். நீர்வாய் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை முதலிலே தீர்மானித்து, தளத்தைப் பின்னர் அதற்கிசைய அமைக்க வேண்டும். தளத்தை முதலிற் போட்டுவிட்டு நீர்வாயைத் தேடுவதே நாம் காணும் குறைகளிற் பெரும்பாலானவற்றுக்குக் காரணம்.

செய்முறையை விரித்துக் கூறுமுன், இதில் இத்துணைக் கவனம் எதற்கு என்பதைச் சொல்லிவிடுகின்றேன். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறும் மாரிகாலத்தில் மட்டுமே ஓடுவது. நமது நீர் நிலத்தடியில் இருக்கின்றது. மெல்லிய மண்படையின் கீழே சுண்ணாம்புக்கல். அக்கல்லிலே பிளவுகளும் பொந்துகளும் உண்டு. மழைநீர் அவற்றினூடே இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் நன்னீர்ப் படையாக நிற்கின்றது. புத்தூரில் நிலாவரைக் கிணற்றையும் கடலோரத்திற் கீரிமலைக் கேணியையும் கண்டவர்களுக்கு இக்கல்லின் இயல்பை அதிகம் விளக்க வேண்டியதில்லை. மணற்பாங்கான ஊர்களிலே நிலத்திற் கசியும் அழுக்குநீரை மணல் மெல்ல மெல்ல வடிகட்டும். சுண்ணாம்புக்கல்லின் பிளவிலே புகுந்த நீருக்கு அத்தகைய வடிகட்டல் கிடைப்பதில்லை. வாய்க்காலில் ஓடுவதுபோல் அது ஓடிவிடும். கிணற்றுக்கும் ஊறற்குழிக்கும் இடையே ஐம்பதடி இருந்தாற் போதும் என்று வழக்கமாகச் சொல்வர். இடையே ஒரு பிளவு இருந்துவிட்டால் அந்த ஐம்பதடி காவலாக மாட்டாது.

அன்றியும், நல்லூரிலே வளவுகள் சிறியவை. சீதனமாகவும் முதுசமாகவும் பிரிந்து பிரிந்து, ஒரு வளவு நான்காகியிருக்கும். உறுதியிலே கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் என்று எழுதிக்கொள்வது நம்மவர் வழக்கம். ஒரு கிணற்றை மூன்று குடும்பங்கள் ஆள்வதும், ஒருவர் மலக்குழி மற்றொருவர் கிணற்றுக்கு அயலில் அமைவதும் அதனால் நேர்வன. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1980களிலேயே ஆய்வாளர் எடுத்துக் காட்டினர். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அளவு மிகுந்த நீரைப் பாற்புட்டியிற் கலந்து கொடுத்தால் கைக்குழந்தையின் உடல் நீலம் பாய்வதுண்டு. இதனை 1945ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து மருத்துவர் ஒருவர் கிணற்று நீரோடு தொடர்புபடுத்தி எழுதினார். தோட்டத்துக்கு இடும் பசளையும் மலக்குழிக் கழிவுமே நைத்திரேற்றுக்கு முதற் காரணங்கள்.

தோய்த்த நீருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். சவர்க்கார நீரில் நைத்திரேற்று அதிகமில்லை. ஆனால் தளத்தைத் திருத்தும்போது பலர் செய்யும் ஒரு காரியம் உண்டு. பழைய வாய்க்காலை மூடிவிட்டு, அருகிற் செல்லும் மலசலகூடக் குழாயோடு தோய்க்கும் அறையின் குழாயையும் இணைத்துவிடுகின்றனர். வேலை சுருக்கம்; வெளியே ஈரமும் தெரியாது. மேல்வழியாகத் துணி போடும் இயந்திரம் ஒருமுறை தோய்க்க நூறு லீற்றருக்கு மேலும் நீர் கொள்ளக்கூடும். அவ்வளவு நீரும் மலக்குழிக்குள் ஒரேயடியாக விழும்போது, அங்கே அமைதியாகத் தங்கித் தெளியவேண்டிய கழிவு கலங்கி, தெளியுமுன்னரே நிலத்துக்குள் தள்ளப்படுகின்றது. தோய்த்த நீர் தன்னால் வரும் கேட்டைவிட, மலக்குழியிலுள்ளதைக் கிணற்றை நோக்கித் தள்ளும் கேடே பெரிது.

இது வெறும் அச்சமூட்டும் பேச்சன்று. இலண்டன் மாநகரின் புறோட் வீதியில் 1854ஆம் ஆண்டு ஆகஸ்ட் இறுதியிற் பரவிய வாந்திபேதியை உலகம் அறியும். அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வீதியிலிருந்த நீரிறைக்கும் பம்பியே நோய்க்கு ஊற்று என்று மருத்துவர் ஜோன் சினோ காட்டினார். அந்தக் கிணற்று நீர் எப்படிக் கெட்டது என்பதைப் பின்னர் கண்டறிந்தவர் அவ்வூர்ப் பாதிரியார் ஹென்றி வைற்ஹெட். பம்பிக்கு அருகிலிருந்த வீட்டில் ஐந்து மாதக் குழந்தையொன்று வயிற்றுப்போக்கால் வருந்திற்று. தாய் அதன் துணிகளை வாளி நீரில் ஊறவைத்து அலசி, அந்த நீரை வீட்டின் முன்னிருந்த கழிவுக்குழியில் ஊற்றினாள். 1855இல் அவ்விடத்தைத் தோண்டிப் பார்த்தபோது, குழிக்கும் கிணற்றுக்கும் இடையே மூன்றடிகூட இல்லை. குழியின் செங்கற்கள் சாந்து கரைந்து தளர்ந்து கிடந்தன. ஒரு தாய் தன் குழந்தையின் துணியை அலசியதில் என்ன பிழை? பழைய வடிகால் எந்நிலையிலுள்ளது என்பதை எவரும் திறந்து பார்க்காததே பிழை.

இனிச் செய்முறைக்கு வருவோம். முதலாவது, உளியை எடுக்குமுன் நீரின் வழியைக் கண்டறியுங்கள். நீர்வாயின் சல்லடையைக் கழற்றி, உள்ளே படிந்த சேற்றையும் நூற்பஞ்சையும் அகற்றுங்கள். பின்னர் ஒரு வாளி நீரில் துணிக்கு இடும் நீலத்தைக் கலந்து ஊற்றி, அது எங்கே வெளிப்படுகின்றது என்று பாருங்கள். வாழையடியிலா, வீதிக் கானிலா, மலக்குழியிலா? எங்கும் வெளிப்படவில்லையாயின், குழாய் இடையில் உடைந்து நீர் நிலத்துக்குள்ளே போகின்றது என்று ஐயுற வேண்டும். நமது ஊரில் இந்தச் சோதனை மிக அவசியம். 1995ஆம் ஆண்டு இறுதியில் நேர்ந்த பெரும் இடப்பெயர்வின் பின் எத்தனையோ வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. குழாய்களுக்குள் வேர் புகுந்தது. மூடிகள் மண்ணுள் மறைந்தன. அவற்றைப் பதித்தவர்களும் அறிந்தவர்களும் திசைக்கொருவராயினர். குழாய் செல்லும் வழியை அறிந்தவர் இல்லாத வீட்டில் நீரைக் கேட்டே வழியறிய வேண்டும்.

இரண்டாவது, இருப்பது என்ன என்பதை அறியுங்கள். பழைய வீடுகளில் நிலத்தின்கீழ் இருப்பவை பெரும்பாலும் மெருகிட்ட மண்குழாய்கள். அவற்றின் பொருத்துகள் சீமெந்தால் அடைக்கப்பட்டவை. ஓர் உளியடியில் அவை வெடித்துவிடும். ஆகவே நீர்வாயின் இரும்புச் சட்டத்தைப் பெயர்க்கும்போது, சுற்றியுள்ள தளத்தை வெளியிலிருந்து உள்நோக்கிச் சிறிது சிறிதாக வெட்டிவர வேண்டும். குழாயின் வாயைச் சாக்கால் அடைத்து, கல்லும் சாந்தும் உள்ளே விழாமற் காத்துக்கொள்ளுங்கள். விழுந்த சாந்து இறுகிவிட்டால் அதனை எடுக்கத் தளம் முழுவதையும் உடைக்க நேரிடும்.

நீர்வாயின் கீழே ஒரு வளைவு இருக்கும். வேலையாட்கள் அதனை ட்றப் என்பர். அவ்வளைவில் எப்போதும் சிறிது நீர் தேங்கி நின்று, குழியின் நாற்றத்தையும் பூச்சிகளையும் வீட்டுக்குள் வராமல் தடுக்கும். 1775ஆம் ஆண்டிலே அலெக்சாந்தர் கமிங் என்னும் மணிக்கூட்டு வினைஞர் மலசலகூடத்துக்கு இத்தகைய வளைவோடு கூடிய அமைப்புக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். நிற்கும் நீரின் ஆழம் இரண்டங்குலமாவது இருத்தல் நன்று. பழைய வீடுகள் சிலவற்றில் வளைவுக்குப் பதிலாக, மணிபோலக் கவிழ்த்த ஒரு தொப்பி சல்லடையின் கீழே இருக்கும். நூற்பஞ்சு அதில் எளிதில் அடைப்பதால், யாரோ ஒருவர் என்றோ அதனைக் கழற்றி எறிந்திருப்பார். தொப்பி போனபின் குழிக்கும் அறைக்கும் இடையே தடையில்லை. அத்தகைய நீர்வாயை உயர்த்திப் பயனில்லை. எடுத்துவிட்டுப் புதிய வளைவு பொருத்துவதே தகும்.

வளைவில் நீர் வற்றிவிடினும் கேடுதான். 2003ஆம் ஆண்டில் ஹொங்கொங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடிகளில் சார்ஸ் நோய் முந்நூற்றுக்கு மேற்பட்டோரைப் பற்றிற்று. 42 பேர் இறந்தனர். குளியலறைத் தளங்களில் இருந்த நீர்வாய்களின் வளைவுகள் வறண்டு கிடந்தமை நோய் பரவுவதற்கு வழிகளில் ஒன்றாயிற்று என்று ஆராய்ந்தவர் கண்டனர். அங்குள்ளோர் தளத்தை நீரூற்றிக் கழுவாது துடைத்தே வந்தனர். ஆதலால் வளைவுக்கு நீர் கிடைக்கவில்லை. இயந்திரத்தின் நீர் நேரே குழாய்க்குச் செல்லும் அறைகளில் நமக்கும் இதே நிலை உண்டாகும். வாரம் ஒருமுறை ஒரு செம்பு நீரைத் தளத்து நீர்வாயில் ஊற்றுங்கள்.

மூன்றாவது, உயரக் கணக்கு. ஐந்தடி தூரத்துக்கு ஓர் அங்குலம் என்பது தோய்க்கும் தளத்துக்குப் போதிய வாட்டம். நீர்வாய் ஒரு மூலையிலும், எதிர்மூலை பத்தடி தூரத்திலும் இருப்பதாகக் கொள்வோம். எதிர்மூலை நீர்வாயைவிட இரண்டங்குலம் உயர வேண்டும். நீர்வாயருகே புதிய பூச்சின் கனம் ஒன்றரை அங்குலமெனில், பழைய தளம் மட்டமாய் இருந்தால், எதிர்மூலையில் அது மூன்றரை அங்குலமாகும். இப்போது கதவு நிலையைப் பாருங்கள். தோய்க்கும் அறையின் தளம் வீட்டுத் தளத்தைவிட ஓர் அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். கணக்கு இடங்கொடாவிடின், மேலே ஏற்றுவதை விட்டு, பழைய தளத்தை உடைத்தெடுத்து மீண்டும் போடுவதே நன்று. அன்று மிச்சம்பிடித்த கூலி பின்னர் நனைந்த சுவரிலும் உக்கிய கதவு நிலையிலும் இரட்டிப்பாய்ப் போகும்.

நான்காவது, நீர்வாயை உயர்த்துதல். புதிய தளத்தின் உயரத்துக்கேற்ப ஒரு குறுங்குழாயைப் பழைய வாயின்மேல் பொருத்த வேண்டும். மண்குழாயும் பி.வி.சி. குழாயும் ஒரே பருமனில் அமைவது அரிது. அவற்றை இணைப்பதற்கென இறப்பர் இணைப்புகள் விற்கின்றனர். சீமெந்தை மட்டும் அப்பி இணைப்பது போதாது. சீமெந்து பி.வி.சி.யின் வழுவழுப்பான மேனியிற் பற்றாது. இடையே மயிரிழை வெடிப்பு உண்டாகி, நீர் தளத்தின்கீழ் இறங்கும். குழாயின் வெளிப்புறத்தில் அதற்குரிய பசையைத் தடவி, உலருமுன் மணலைத் தூவிவிட்டால், பின்னர் சாந்து நன்றாகப் பிடிக்கும். சல்லடையின் முகம் சுற்றியுள்ள தளத்தைவிட ஒரு நூலளவு தாழ்ந்திருக்கட்டும். உயர்த்தியபின் வளைவுக்குள் கை எட்டுகின்றதா என்றும் பாருங்கள். எட்டாவிட்டால், வளைவையே உயரத்துக்கு மாற்றிப் பொருத்துங்கள். துப்புரவு செய்ய இயலாத வளைவு ஓராண்டில் அடைத்துவிடும். குழாயைத் திறந்து பார்ப்பதற்கென வைத்த மூடி எதுவும் பூச்சின்கீழ் மறையலாகாது. அதனையும் தளத்தோடு உயர்த்துங்கள்.

ஐந்தாவது, பூச்சு. பழைய தளத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, சவர்க்காரப் படிவு போகக் கழுவி, நனைத்து, சீமெந்துப் பால் தடவிய பின்னரே சாந்து போட வேண்டும். ஓர் அங்குலத்துக்குக் குறைந்த பூச்சு, இயந்திரம் அதிரும் அறையிலே நெடுநாள் நில்லாது. ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று அல்லது நான்கு பங்கு மணல் போதும். ஏழு நாளாவது ஈரம் காயாமற் காத்தல் அவசியம். நல்லூர்த் திருவிழாவுக்கு உறவினர் வருமுன் வேலையை முடித்துவிட வேண்டுமென்று அவசரப்படுவோர் இந்த ஏழு நாளைத்தான் முதலிற் குறைக்கின்றனர். திருவிழா முடிந்தபின் தொடங்குவது மேல்.

இயந்திரத்தின் வடிகுழாயைத் தளத்திலே கிடத்தி விடாதீர்கள். அதன் முனை தளத்திலிருந்து இரண்டடி முதல் மூன்றடி வரை உயரத்தில் நிற்க வேண்டும். தாழ்ந்தால், இயந்திரத்திலுள்ள நீர் தானாகவே இழுபட்டு வெளியேறும். தளத்துக்கு ஓடு பதிப்பதாயின், அதற்கு முன் நீரூற்றிப் பாருங்கள். நீர் தேங்கும் இடங்களைச் சுண்ணக்கட்டியாற் குறித்து அன்றே திருத்துங்கள். பின்னர் நீர்வாயை அடைத்து, ஓரங்குல நீரை ஒருநாள் நிறுத்தி, அளவு குறைகின்றதா என்று நோக்குங்கள். தேங்கிய நீர் நுளம்புக்கு வீடு. 2017ஆம் ஆண்டில் இலங்கையில் ஒரு இலட்சத்து எண்பத்தாறாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு டெங்குக் காய்ச்சல் கண்டது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

கடைசியாக, குழாயின் மறுமுனை. யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகக் கழிவுநீரை ஏந்திச் செல்லும் பெருங்குழாய் அமைப்பு பரவலாக ஏற்படவில்லை. 2024ஆம் ஆண்டிலே தாளையடியிற் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பெற்றது. குழாய்நீர் வர வர நாம் செலவிடும் நீரும் பெருகும். செலவிட்ட நீருக்கோ நமது மண்ணே போக்கிடம். ஆகவே முன்னோர் வைத்த வாழைப்பாத்தியை நாம் கைவிடலாகாது. குழாயின் முடிவில் மூடியுள்ள ஒரு சிறு தொட்டி கட்டி, நூற்பஞ்சும் மண்ணும் அதிற் படியச் செய்யுங்கள். அங்கிருந்து நீர், கிணற்றுக்கு எதிர்ப்புறமாக, ஆழமற்ற மண்ணிலே வாழைக்கும் கமுகுக்கும் பரந்து பாயட்டும். ஆழக் குழி தோண்டிக் கல்லுக்குள் விடுவதைவிட, மேல்மண்ணில் வேர்களுக்கிடையே விடுவது பலமடங்கு பாதுகாப்பானது. சவர்க்காரத்தின் காரம் ஒரே இடத்திற் சேராதபடி இரண்டு பாத்திகளை மாறி மாறிப் பயன்படுத்துங்கள். பச்சையாக உண்ணும் கீரைக்கு அந்நீர் வேண்டாம். 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது வளவுகளெல்லாம் நீரில் நின்றதைக் கண்டோம். அத்தகைய மாரியில் எந்தக் குழியும் நீரை ஏற்காது. அந்நாட்களில் தோய்ப்பதைக் குறைத்துக்கொள்வது அயலாருக்கும் உதவியாகும். நோயாளியின் துணியை அலசிய நீரை எப்போதும் கிணற்றுக்குத் தொலைவிலேயே விடுங்கள். ஐயமிருப்பின், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்துக் காட்டுங்கள்.

வேலை முடிந்தபின் ஒரு சிறு காரியம் எஞ்சும். நீர்வாய் எங்கே, குழாய் எவ்வழி செல்கின்றது, திறக்கும் மூடிகள் எவை, தொட்டியும் பாத்தியும் கிணற்றுக்கு எத்தனை அடி தூரத்தில் என்பவற்றை ஒரு தாளிலே வரைந்து, ஆண்டையும் குறித்து, வீட்டு உறுதியோடு சேர்த்து வையுங்கள். கிணற்றுப் பங்கை எழுதி வைத்தவர்கள் நம் மூத்தோர். அக்கிணற்றைக் காக்கும் குழாயின் வழியையும் எழுதி வைத்தால், பின்னர் அவ்வீட்டில் தளம் திருத்துபவர் இருட்டில் உளி பிடிக்க மாட்டார்.